மேற்படி வயிறு

வலி என்னுடையது. அதைப் பற்றிப் பேசும் உரிமை மட்டும் என் வீட்டுக்காரருடையது. ஒன்றரை வருஷம் எங்கள் குடும்பம் இப்படித்தான் நடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அது முதல் முறை வந்தது. வலது விலா எலும்புக்குக் கீழே யாரோ ஈரத் துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி. அங்கேயே நின்றிருந்தாலும் பரவாயில்லை. முதுகைச் சுற்றிக்கொண்டு தோள்பட்டை வரைக்கும் ஏறியது. ஒரு மணி நேரம் படுத்திவிட்டு, வந்த சுவடே தெரியாமல் போய்விட்டது. பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தது. நான் கட்டிலில் நெளிவதைப் பார்த்த இவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"கவலைப்படாதே. இந்த வலிக்குப் பேர் கண்டுபிடிக்காம நான் ஓயமாட்டேன்."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவர் ஓயமாட்டார் என்றால் நான் வாயைத் திறக்க முடியாது என்று அர்த்தம்.

இவருடைய தொழிலைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். பதிவு அலுவலகத்துக்கு எதிரே தகரக் கூரை. அதன் கீழே ஒரு மடக்கு மேஜை, இரண்டு மடக்கு நாற்காலி, கார்பன் தாள், மைப்பெட்டி. முப்பத்திரண்டு வருஷமாக அங்கே உட்கார்ந்து அடுத்தவர்களுக்கு மனு எழுதுகிறார், படிவம் நிரப்பித் தருகிறார். எல்லோருக்கும் அவர் "மனு சார்". வருகிறவர் "ஐயா, எங்கப்பா..." என்று ஆரம்பித்தால் போதும். இவர் உள்ளங்கையை உயர்த்துவார். "நான் பாத்துக்கறேன்" என்பார். மிச்சத்தைத் தானே எழுதிவிடுவார், நாலு பக்கத்துக்கு. பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். முகவரி மாற்ற வேண்டும் என்று வந்த ஒரு பெண்ணுக்கு, அவள் கேட்காமலே உதவித்தொகைக்கும் சேர்த்து எழுதிப்போட்டு, அதுவும் வந்துவிட்டது. அவள் இன்றைக்கும் இவரைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவாள். அதனால் இவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. மனசு வந்தாலும் சந்தர்ப்பம் வராது.

முதல் டாக்டர் எங்கள் தெருக்கோடியில் இருந்தார். "என்னம்மா பண்ணுது?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் மூச்சை இழுப்பதற்குள் பதில் போய்ச் சேர்ந்துவிட்டது.

"வாயு, டாக்டர்."

"எத்தனை நாளா?"

"இவளுக்கு எப்பவுமே வாயுதான்."

"சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"நடுவுல."

எனக்கு ஒரு பாட்டில் இளஞ்சிவப்பு மருந்து கிடைத்தது. வாயுவுக்கு அது நல்ல மருந்துதான். எனக்கு வாயு இல்லை என்பது ஒன்றுதான் குறை.

இரண்டாவது டாக்டரிடம் போனபோது இவர் ஒரு மனுவே எழுதி எடுத்து வந்துவிட்டார். பொருள்: வயிற்று வலி, உரிய நடவடிக்கை கோருதல் தொடர்பாக. "மனுதாரராகிய எனது மனைவியான மேற்படியாளுக்கு மேற்படி வலியானது மேற்படி வயிற்றில் அவ்வப்போது நிகழ்ந்து வருவதால்" என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம். டாக்டர் பொறுமையாகப் படித்தார்.

"மேல் வயிறா, அடி வயிறா?"

"மேற்படி வயிறு டாக்டர்."

"அதான், மேலே எத்தனாவது படி?"

நான் விலாவைத் தொட்டுக் காட்டக் கையை எடுத்தேன். இவருடைய உள்ளங்கை உயர்ந்தது. நான் பாத்துக்கறேன். கை தானாக இறங்கிவிட்டது. முப்பத்தாறு வருஷப் பழக்கம். அந்த டாக்டர் நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை எழுதினார். மாத்திரை வேலை செய்ததோ என்னவோ, வலி தன் வேலையை நிறுத்தவில்லை.

மூன்றாவது இடம் பெரிய மருத்துவமனை. வெளியே நாற்பது பேர் வரிசை. உள்ளே ஒரே ஒரு நாற்காலி. மனு கொடுக்கிறவர் உட்காருவதுதானே முறை, இவர் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். "வயித்து வலி டாக்டர், வருஷம் ஒண்ணாச்சு, வந்து வந்து போகுது" என்று சொல்லி, எங்கே என்று காட்டத் தன் தொப்புளைத் தொட்டார். டாக்டர் தலை நிமிராமல் "படுங்க" என்றார். இவர் படுத்தார். டாக்டர் அமுக்கினார். எனக்காக விளக்கிக் காட்டுகிறார் என்று இவர் நினைத்துக்கொண்டு, "பாத்துக்கோ" என்று என்னிடம் வேறு சொன்னார். சீட்டு கைக்கு வந்தது. ஸ்கேன் எடுக்கும் இடத்தில் இவரைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். அசல் நின்றுகொண்டிருக்க, நகலைப் படம் எடுத்தார்கள்.

என் வயிற்று வலிக்காக எடுத்த அந்த அறிக்கையில், பிராஸ்டேட் சுரப்பி இயல்பான அளவில் இருப்பதாக எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்து அதைப் படித்துக் காட்டினேன். எட்டாவது வரைக்கும்தான் படித்தவள் நான், எழுத்துக் கூட்டிப் படித்தேன். இவர் தாடையைத் தடவினார். பிறகு சொன்னார், "நாம ரெண்டு பேரும் ஒரே சாப்பாடுதானே சாப்பிடறோம். எனக்கு ஒண்ணும் இல்லைன்னா உனக்கு எங்கிருந்து வரும்?"

அன்று சாயங்காலம் மகள் தொலைபேசியில் சிரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அப்புறம் அழ ஆரம்பித்துவிட்டாள். "நீ வாயைத் திறந்து சொல்லவே மாட்டியாம்மா?" என்றாள். "நான் திறக்கறேன்டி. அதுக்குள்ள உங்கப்பா பேச்சு வெளியே வந்துடுது" என்றேன்.

அவள் அழுததற்குக் காரணம் உண்டு. என் அக்காவுக்கும் இப்படித்தான் வயிற்றில் ஆரம்பித்தது. வாயு, வாயு என்று அவளும் ஒரு வருஷம் சமாளித்தாள். கடைசியில் பேர் தெரிந்தபோது ஆறு வாரம்தான் மிச்சம் இருந்தது. நான் இதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு முறை அந்த ஈரத் துணி முறுக்கும்போதும் அக்காவின் முகம்தான் வரும்.

அதனால் தனியாகவே போவது என்று முடிவு செய்தேன். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, ஒரு வியாழக்கிழமை பஸ் ஏறினேன். ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் பக்கத்திலிருந்து புறப்படுகிற எல்லா பஸ்ஸும் பதிவு அலுவலகத்து வாசலில் நிற்கும். ஜன்னல் வழியாக இவர் என்னைப் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்த மனுவை அப்படியே விட்டுவிட்டு ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "உன்னைத் தனியா விடுவேனா?" என்றார்.

இவரோடு போவதற்குப் போகாமலே இருக்கலாம் என்று அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தோம். நடக்கும்போது எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஏங்க, எல்லார்கிட்டயும் வாயு வாயுன்னே சொல்றீங்களே, உங்களுக்கு எப்படித் தெரியும் வாயுன்னு?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். "படிவத்துல கட்டம் இருக்கும்ல. அதுல என்ன எழுதறோமோ அதுதான் கிடைக்கும். இது என் அனுபவம். சின்னதா எழுதினா சின்னதாவே முடிஞ்சிடும்."

"இது என்ன கணக்கு?"

"உங்கக்காவை ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப அந்தக் கட்டத்தை நிரப்பினது யாரு? நான்தானே. டாக்டர் சொன்னதை அப்படியே எழுதினேன். பெரிய பேரு." கொஞ்சம் நின்றார். "அப்புறம் அதைத் திருத்த முடியலை."

இத்தனை வருஷத்தில் அவர் பேசாமல் நடந்த ஒரே தெரு அடுத்து வந்த தெருதான். பயம் எனக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒரே பயத்தை ஆளுக்கு ஒரு பக்கமாக ஒளித்து வைத்திருந்தோம். ஆனால் ஒன்று. பாசத்தினால் செய்தாலும் தப்பு தப்புதான். வலிக்குப் பேர் தெரியாமல் நான் இனி ஒரு மாசம் தள்ளப்போவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு முட்டி போட்டேன். கடவுளிடம் எனக்குப் பேரம் பேசத் தெரியாது. உள்ளதைச் சொன்னேன். "சாமி, எனக்கு நல்லாகணும்னுகூட இப்பக் கேட்கலை. என்னன்னு தெரியணும். அதுக்கு இவர் வாய் ஒரு மணி நேரம் மூடியிருக்கணும். அற்புதம் பெரிசுதான். ஆனா உங்களால ஆகாதது எது?"

மறுநாள் காலை இவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அந்தக் கடைவாய்ப் பல் மூன்று மாசமாகவே தொல்லைதான். பல் டாக்டர் என்றால் இவருக்குக் குலை நடுங்கும். பல்லுக்கு மனு எழுத முடியாது பாருங்கள். கிராம்பை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். நானும் பரிதாபப்பட்டதோடு சரி. அன்று காலைதான், அந்த வீங்கின கன்னத்தைப் பார்த்து, மனசுக்குள் நன்றி சொன்னேன்.

மகள்தான் விசாரித்துச் சொன்னாள். ஒரே கட்டடம். கீழே பல் டாக்டர். மேல் மாடியில் கல்லீரல், குடல், பித்தப்பை என்று வயிற்றுக்காகவே படித்த ஒரு பெண் டாக்டர். அடுத்த வெள்ளிக்கிழமை கீழே பத்து மணிக்கும் மேலே பதினொரு மணிக்கும் நேரம் வாங்கிக் கொடுத்தாள். என்னை வெறும் வயிற்றோடு போகச் சொன்னாள். இனி இவரைச் சம்மதிக்க வைப்பது ஒன்றுதான் பாக்கி.

சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தேன்.

"ஏங்க, வெள்ளிக்கிழமை புது டாக்டர்கிட்ட நீங்கதான் பேசப்போறீங்க."

"பின்னே?"

"இந்தப் பல்லோட பேசினா அந்தம்மாவுக்குப் புரியுமா? நீங்க வயிறுன்னு சொல்றது எனக்கே வயலுன்னு கேக்குது."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "அப்படியா கேக்குது?"

"மககூடச் சொன்னா, அப்பா போன்ல வேற யாரோ மாதிரி பேசறாருன்னு."

அவள் சொன்னது நிஜம்தான். நான் சொல்லச் சொல்லித்தான் சொன்னாள்.

"வயலுன்னு எழுதிட்டா நிலத் தகராறு ஆயிடும்" என்று அவரே சொல்லிக்கொண்டார். தொழில் புத்தி. கொஞ்சம் யோசித்தார். "எனக்கு வாய்தான் ஆயுதம்."

"அதத்தான் சொல்றேன். பத்து மணிக்குப் பல்லை எடுத்துடலாம். பல்லுப் போயிட்டா கணீர்னு பேசலாம்."

நான் பொய் சொன்னேனா? பல் போனபின் கணீரென்று பேசலாம் என்றுதான் சொன்னேன். அதே நாளில் பேசலாம் என்று சொல்லவில்லை. இதை அன்று ராத்திரியே கடவுளிடமும் தெளிவுபடுத்திவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்தார். கண்ணாடி, சட்டைப் பையிலிருந்த பேனா, மடித்து வைத்திருந்த புது மனு எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொன்னார் பல் டாக்டர். வாங்கி என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். ஊசி போட்டார்கள். வாயைத் திறந்து விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பல் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். இவர் வாய் திறந்திருந்தது, ஆனால் பேச முடியாது. அதனால் பதிலை நான் சொன்னேன். நான் பாத்துக்கறேன் என்கிற தோரணையில் என் உள்ளங்கைகூடக் கொஞ்சம் உயர்ந்தது. இவர் ஏன் இத்தனை வருஷமாக இதை விடவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. நன்றாகத்தான் இருக்கிறது.

முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. எழுந்து உட்கார்ந்தபோது இரண்டு கன்னத்திலும் பஞ்சை அடக்கிக்கொண்டு, கோபித்துக்கொண்ட குழந்தை மாதிரி இருந்தார்.

"ஒரு மணி நேரம் இறுக்கிக் கடிச்சுக்கிட்டே இருக்கணும்" என்றார் பல் டாக்டர். "வாயைத் திறக்கக் கூடாது. பேசினா ரத்தம் நிக்காது."

இவர் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றுக்குப் பத்து நிமிஷம். மேலே போகப் பதினெட்டுப் படி. மேற்படி என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் சரியாகத் தெரிந்தது.

மேலே அந்தப் பெண் டாக்டர் மேஜைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி போட்டிருந்தார். "சொல்லுங்க" என்றார். இவர் உள்ளங்கையை உயர்த்தினார். "ம்ம்ம்" என்றார்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"எனக்குத்தான் டாக்டர்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இவருக்குக் கீழே பல்லு எடுத்திருக்கு. பேசக் கூடாதாம்."

இவர் சட்டைப் பையைத் தடவினார். பேனா இல்லை. இன்னொரு பையைத் தடவினார். என் கைப்பையைப் பார்த்தார். நான் பையை மடியில் வைத்து அதன் மேல் இரண்டு கையையும் கோத்துக்கொண்டேன். கடைசியாகத் தன் தொப்புளைச் சுட்டிக்காட்டினார்.

"உங்களுக்கும் வயித்து வலியா சார்?"

"இல்லை டாக்டர். இவரை ஏற்கெனவே ஸ்கேன் எடுத்தாச்சு. நல்லா இருக்கார்."

அப்புறம் பேசினேன். ஈரத் துணியைச் சொன்னேன். வலது விலாவைத் தொட்டுக் காட்டினேன். தோள்பட்டைக்கு ஏறுவதைச் சொன்னேன். எண்ணெயில் பொரித்தது ஏதாவது சாப்பிட்ட நாளில்தான் அநேகமாக வருகிறது என்பதையும், ஒரு தடவை வந்தால் ஒரு மணி நேரம் என்பதையும் சொன்னேன். ஒன்றரை வருஷமாகத் தொண்டைக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தவை. ஒன்றுகூடக் கலையவில்லை. டாக்டர் நடுவில் ஒரு தடவைகூடப் பேனாவை நிறுத்தவில்லை. என்னைப் படுக்க வைத்து, விலாவுக்குக் கீழே விரலை அழுத்தி, மூச்சை இழுக்கச் சொன்னார். பாதியில் மூச்சு அப்படியே நின்றுவிட்டது.

"இங்கதானா?"

"இங்கதான்."

ஸ்கேன் அறைக்குச் சீட்டு கொடுத்தார். அதில் "பெண்" என்று இருந்தது. இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

அரை மணி நேரம் கழித்து டாக்டர் படத்தை எங்கள் பக்கம் திருப்பினார். "பித்தப்பையில கல்லும்மா. மூணு இருக்கு. பெரிசு ஒரு பட்டாணி அளவு. பையை எடுத்துட்டா சரியாயிடும்."

எனக்கு அது காதில் ஏறவில்லை. நான் கேட்க வேண்டியது வேறு. "வேற ஒண்ணும் இல்லையா டாக்டர்? எங்கக்காவுக்கு இப்படித்தான்..." அதற்கு மேல் வரவில்லை.

அவர் படத்தை மறுபடியும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவசரப்படவில்லை. "சந்தேகப்படற மாதிரி வேற எதுவும் இல்ல. கல்லுதான்."

கல் என்ற வார்த்தை இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பக்கத்தில் திரும்பினேன். இவர் பஞ்சைக் கடித்துக்கொண்டு, என் புடவைத் தலைப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு, கண்ணீரை விட்டுக்கொண்டிருந்தார். பல் வலி போலிருக்கிறது என்று டாக்டர் ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்தார்.

அறுவை சிகிச்சைக்குச் சேர்வதற்கான படிவத்தை நர்ஸ் கொண்டுவந்து வைத்தாள். ஜிப்பைத் திறந்து கண்ணாடியையும் பேனாவையும் அவரிடம் கொடுத்தேன். வழக்கமான வேகத்தில் நிரப்பிக்கொண்டே போனார். "நோய்" என்கிற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. பிறகு படிவத்தை என் பக்கம் திருப்பி, பேனாவை என் கையில் வைத்தார்.

நான் மெதுவாக எழுதினேன். பித்தபைக் கல். அவர் பார்த்தார். பேனாவை வாங்கி, நடுவில் ஒரு "ப்" மட்டும் சேர்த்தார்.

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. தையல் ஆறிவிட்டது. வலி திரும்பி வரவில்லை. மூன்று கல்லையும் ஒரு சின்னச் சீசாவில் போட்டுக் கொடுத்தார்கள். இவர் அதைத் தன் மேஜைக்குக் கொண்டுபோய், மனுக்கள் பறக்காமல் இருக்க மேலே வைத்திருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் வாயு என்று எதையும் அலட்சியமாக விடக்கூடாது என்று சொல்கிறாராம். தையல்காரம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

என் கவலையில் தன் வாயையே மறந்திருந்தவர், நேற்று காபி குடித்துக்கொண்டிருந்தபோது நாக்கால் வாய்க்குள் எதையோ துழாவினார். கண்ணாடி முன் போய் வாயைத் திறந்து பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இந்தா, ஒரு சந்தேகம். எனக்கு வலிச்சது வலது பக்கத்துல ஒரு பல்லுதானே? இடது பக்கத்துலயும் ஒண்ணைக் காணோமே?"

"அது ஆடிக்கிட்டிருந்ததுங்க. அதையும் எடுக்கத்தான் வேணும், அடுத்த வாரம் வரீங்களான்னு பல் டாக்டர் கேட்டார். இன்னிக்கே ரெண்டையும் எடுத்துடுங்கன்னு சொல்லிட்டேன்."

"எதுக்கு அவ்வளவு அவசரம்?"

நான் அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"ஒரு பக்கம் மட்டும் பஞ்சு வெச்சா, இன்னொரு பக்கத்தால பேசிடுவீங்களே."